வன்தட்டு வீடியோ காமிரா: களப்பணியில் அதன் பயனும் குறையும்

புதிய சாகுபடி முறையொன்றை விவசாயிக்கு வாயால் எடுத்துரைப்பதைக் காட்டிலும், வேறொரு விவசாயி அதைத் தம் வயலில் செய்யும்போது காட்டுவதே பயன் மிக்கது என்பது விரிவாக்கப் பணியில் பழகியோர் அனைவரும் அறிந்ததாகும். பெங்களூரில் 2006 ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு முயற்சி இவ்வுண்மையை அளந்தும் காட்டிற்று. அந்நகரத்திலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ரிகின் காந்தி என்பவரும் அவருடன் பணியாற்றியோரும், கிரீன் பவுண்டேஷன் என்னும் தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து, கர்நாடகக் கிராமங்களில் விவசாயிகளையே படமெடுத்து, அப்படங்களை அண்டைக் கிராமத்தாருக்குக் காட்டினர். ‘டிஜிட்டல் கிரீன்’ என்று அம்முயற்சிக்குப் பெயர் இடப்பட்டது. 16 கிராமங்களில் 13 மாதங்கள் நடந்த சோதனையின் முடிவுகள் 2009 ஆம் ஆண்டில் ஆய்வுரையாக வெளிவந்தன. பழைய பயிற்சி முறையுடன் ஒப்பிடும்போது, புதிய வழிகளைக் கைக்கொண்ட விவசாயிகளின் தொகை ஏழு மடங்காக உயர்ந்தது என்றும், செலவிட்ட பணத்திற்குக் கிடைத்த பயன் பத்து மடங்கு என்றும் அவ்வுரை கூறுகின்றது.

இம்முயற்சியில் உபயோகமான கருவிகள் மிகச் சாதாரணமானவை. கடையில் எவரும் வாங்கக்கூடிய சிறிய வீடியோ காமிரா, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு டி.வி.டி. இயக்கி ஆகியவையே அவை. படத்தை இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்கவும் ஐயம் தீர்க்கவும் ஊரார் ஒருவர் பக்கத்தில் இருந்தார். படம் ஓடியதும் பார்வையாளர் முதலில் விசாரித்தது, படத்தில் தோன்றும் விவசாயியின் பெயரும் ஊரும் யாவை என்பதாகும். தம்மைப் போன்றவர்தாம் அவர் என்று தெளிந்த பின்னரே அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டனர்.

இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, கர்நாடகம் உட்பட ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சிப் பாடங்களை அனுப்பிய பெருஞ்சோதனையை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் நடத்தியது. அன்று படமெடுக்க ஸ்டூடியோவும், பெரிய காமிராக்களும், தேர்ந்த தொழில்நுட்பக் குழுவும் வேண்டியிருந்தன. அதே வேலையின் ஒரு பகுதியைப் பின்னாளில் கிராமத்திலேயே ஒரு களப்பணியாளர் ஒரு கையில் பிடித்த கருவியைக் கொண்டு செய்ய முடிந்தது. அத்தகைய கருவிகளுள் ஒரு வகை, சுமார் பத்தாண்டுக் காலம் கடைகளில் விற்று, பல பயிற்சி நிலையங்களிலும் பள்ளிகளிலும் வாங்கப்பட்டு, இன்று பெரும்பாலும் அலமாரிக்குள் கிடப்பது. அதுவே உயர்தெளிவு வன்தட்டு வீடியோ காமிரா. அதன் குணமும் குற்றமும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை என்பதை அறிந்தவர், அதைத் தக்கவாறு பயன்படுத்துவர். அதற்குள் அடைபட்டுள்ள பழைய பதிவுகளையும் காப்பாற்றுவர்.

கருவியின் அமைப்பு

கணிப்பொறியில் உள்ள ஹார்டு டிஸ்க் என்னும் வன்தட்டு, இக்காமிராவில் 1.8 அங்குல அளவுக்குச் சிறுத்து உள்ளே பொருத்தப்பட்டுள்ளது. பழைய வீடியோ காமிராவில் படம் காந்த நாடாவில் பதிவாயிற்று. இதில் சுழலும் காந்தத் தகட்டில் பதிவாகின்றது. ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் ‘எவரியோ’ என்னும் பெயரில் இவ்வகைக் கருவிகளை வெளியிடத் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் 4 ஜிகாபைட் கொள்ளளவே இருந்தது. படமும் பழைய தொலைக்காட்சித் தெளிவினதே. சோனி, பானசோனிக் நிறுவனங்கள் 2006 ஆம் ஆண்டில் ஏ.வி.சி.எச்.டி. என்னும் பதிவு முறையைக் கூட்டாக அறிவித்த பின், உயர்தெளிவுப் படமும் வன்தட்டில் அடங்கலாயிற்று. அவ்வாண்டு வந்த சோனி எச்.டி.ஆர்.-எஸ்.ஆர்.1 காமிராவில் 30 ஜிகாபைட் இடம் இருந்தது. 2009 ஆம் ஆண்டில் வந்த எக்ஸ்.ஆர்.520 காமிராவில் 240 ஜிகாபைட்.

தகடு நிமிடத்திற்குச் சில ஆயிரம் முறை சுழல்கின்றது. அதன் மேற்பரப்பிற்கு மேலே எழுதும் முனை மிதக்கின்றது. தகடு சுழலும் வேகத்தில் கூடவே இழுபடும் மெல்லிய காற்றுப் படலமே அம்முனையைத் தாங்குவது. இடைவெளி எவ்வளவெனில், மனிதத் தலைமயிரின் தடிப்பில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. முனை தகட்டில் உராய்ந்தால் அவ்விடத்துப் பதிவு அழிந்துபோம். உதிர்ந்த துகள் அருகிலுள்ள பகுதிகளையும் கெடுத்துவிடும். இவ்வளவு நுட்பமான பொறியைக் கையில் ஏந்தி வயல் வரப்பில் நடப்பது என்பது சற்றே வியப்புக்குரிய செயல்தான்.

கொள்ளளவும் கணக்கும்

இக்கருவியின் முதற் பெருமை அதன் கொள்ளளவாகும். பதிவின் வேகம் வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்று கூறப்படும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். வினாடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால், வினாடி ஒன்றுக்கு இரண்டு மெகாபைட்டுக்குச் சிறிது அதிகம், மணி ஒன்றுக்கு 7.65 ஜிகாபைட் இடம் செலவாகும். 120 ஜிகாபைட் தட்டில் ஏறத்தாழ 15 மணி நேரப் படம் அடங்கும். ஏ.வி.சி.எச்.டி. முறையின் உயர்ந்த வேகங்களுள் ஒன்றான 24 மெகாபிட்டில் மணிக்கு 10.8 ஜிகாபைட் ஆகும். அதே தட்டு 11 மணி நேரத்திற்குப் போதும். நாடாவிலோ மணிக்கொரு முறை புதியதை மாற்ற வேண்டும். விதைநேர்த்தியை விவசாயி செய்து காட்டும் வேளையில் நாடா தீர்ந்து, அவரை மறுபடியும் தொடக்கத்திலிருந்து செய்யச் சொல்ல நேர்ந்த சங்கடத்தை அனுபவித்தவர் இவ்வசதியின் அருமையை அறிவர்.

இரண்டாவது பெருமை, பதிவு செய்த துண்டை உடனே எடுத்துக் காட்டும் வசதி. நாடாவைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டியதில்லை. பழைய பதிவின்மீது தவறிப் புதியது பதியும் அச்சமும் இல்லை. பேசிய விவசாயியிடமே அவர் பேசியதைச் சிறு திரையில் காட்டி, சொல்லில் பிழை உண்டா என்று கேட்கலாம். உரத்தின் அளவை அவர் தவறாகச் சொல்லியிருந்தால் அங்கேயே திருத்திவிடலாம். தவறான அளவு படத்தில் ஏறிப் பத்துக் கிராமங்களுக்குப் பரவிய பின் திருத்துவது எளிதன்று.

ஆயினும் இடத்தின் மிகுதியே ஒரு தீங்குமாகின்றது. பத்து நிமிடப் பாடப் படம் ஒன்றை உருவாக்க ஒரு மணி நேரப் பதிவு போதும். நாடாவுக்கு விலை கொடுத்தவர் யோசித்தே பொத்தானை அழுத்தினார். வன்தட்டுக் காமிராவைப் பிடித்தவரோ அழுத்திவிட்டு மறந்துவிடுகின்றார். மாலையில் திரும்பும்போது ஐந்து மணி நேரப் பதிவு சேர்ந்திருக்கும். அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேறொருவர் ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும். அவ்வாறு உட்கார எவருக்கும் ஓய்வு கிடைப்பதில்லை. பதிவு அப்படியே கிடக்கும். படமெடுக்கப் போகுமுன் எடுக்க வேண்டிய காட்சிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லும் பழைய வழக்கத்தை, நாடா போனபின்பும் கைவிடாதிருத்தல் நன்று.

வகுப்பறைப் பாடங்களின் கணக்கு வேறு. ஓர் ஆசிரியர் நாற்பது மணி நேரப் பாடத்தொகுதி ஒன்றை முழுவதும் பதிவு செய்வதாயின், 17 மெகாபிட் வேகத்தில் 306 ஜிகாபைட் தேவைப்படும். எக்ஸ்.ஆர்.520 காமிராவின் 240 ஜிகாபைட்டும் இதற்குப் போதாது. அன்றன்று எடுத்ததை அன்றன்றே கணிப்பொறிக்கு மாற்றினாலன்றி இப்பணி நிறைவேறாது.

தெளிவு எப்போது பயன்படும்?

உயர்தெளிவுப் படத்தில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. இந்தியாவில் வழங்கிய பழைய டி.வி.டி. படத்தில் 720-க்கு 576. முன்னதன் புள்ளித்தொகை பின்னதைப் போல் சரியாக ஐந்து மடங்கு. ஆனால் ஐந்து மடங்கு புள்ளி என்பது ஐந்து மடங்கு பயன் ஆகாது. கிராமத்தில் காட்டும் பெட்டி பழைய தொலைக்காட்சியாகவும் இயக்கி டி.வி.டி.யாகவும் இருந்த காலத்தில், உயர்தெளிவில் எடுத்த படமும் கடைசியில் 720-க்கு 576 ஆகவே சுருங்கிற்று. அப்போதும் இரு நன்மைகள் எஞ்சின: சுருக்கிய படம், நேரே தாழ்ந்த தெளிவில் எடுத்ததைவிடக் கூர்மையாக அமைந்தது, கேழ்வரகுக் கதிரில் ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் காட்டவும் இடம் இருந்தது. இலையின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் பூச்சியையும் அதன் முட்டையையும் காட்ட வேண்டுமாயின் தெளிவின் பயன் மிகப் பெரிது. விவசாயி நின்று பேசும் காட்சிக்கு அது அத்துணை தேவையில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இக்காமிரா ஒவ்வொரு படத்தையும் முழுமையாக எழுதி வைப்பதில்லை. சிறு இடைவெளிக்கு ஒருமுறை முழுப்படம் ஒன்றை எழுதி, இடையிலுள்ளவற்றில் முந்தியதற்கும் பிந்தியதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதுகின்றது. அசையாத சுவரின் முன் ஒருவர் பேசினால் வேறுபாடு சிறிது. குறைந்த இடத்தில் நல்ல படம் அமையும். காற்றில் அலைபாயும் கேழ்வரகு வயலில் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு கணமும் இடம் பெயர்கின்றது. வேறுபாடு பெருகி, ஒதுக்கிய இடத்தில் அடங்காமல், படம் கட்டங்கட்டமாகச் சிதைகின்றது. விவசாயப் படத்தில் அடிக்கடி வரும் காட்சியே இக்காமிராவுக்கு மிகக் கடினமான காட்சியாக இருப்பது கவனிக்கத் தக்கது. வயல்வெளிக் காட்சிகளுக்கு மிக உயர்ந்த பதிவு வேகத்தையே வைத்துக்கொள்ள வேண்டும். இடத்தை மிச்சப்படுத்தும் நீண்டநேரப் பதிவு முறையை அங்கே தொடவே கூடாது. காமிராவை முக்காலியில் நிறுத்துவதும் இவ்வகையில் உதவும். கை நடுங்கினால் அசையாத பொருளும் அசைந்ததாகவே எழுதப்படும்.

வெளிச்சம், நிறம், ஒலி

நுகர்வோர் காமிராவின் ஒளி உணரும் சில்லு சுண்டுவிரல் நகத்தினும் சிறியது. நல்ல வெயிலில் இது ஒரு குறையாகத் தோன்றாது. ராமநகரம் வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்க்கும் மனையொன்றில் நுழைந்தால் உண்மை விளங்கும். புழுக்களின் நலத்திற்காக மனை மங்கலாகவே வைக்கப்பட்டிருக்கும். அங்கே காமிரா தானாகவே மின்குறியைப் பெருக்கிப் படத்தை வெளிச்சமாக்க முயலும். படமெங்கும் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். அப்புள்ளிகளையும் பொருளின் அசைவாகக் கொண்டு காமிரா எழுதுவதால் படம் மேலும் சிதையும். குவியமும் நிலைகொள்ளாமல் முன்னும் பின்னும் அலையும். சூடான பெரிய விளக்குகளைக் கொண்டுபோய் வைத்தால் புழுக்களுக்குக் கேடு. வளர்ப்புத் தட்டு ஒன்றைச் சிறிது நேரம் வாயிலருகே கொணர்ந்து, வெயில் நேரே படாமல், வெள்ளை வேட்டி ஒன்றை எதிரே பிடித்து அதில் பட்டுத் திரும்பும் ஒளியில் எடுப்பது செலவில்லாத வழி. 2009 ஆம் ஆண்டு முதல் வந்த சில காமிராக்களில் சில்லின் அமைப்பே மாற்றப்பட்டு, மங்கலொளியில் அவை கணிசமாக மேம்பட்டன.

நிறத்தைக் காமிரா தானே கணிக்கின்றது; அக்கணிப்பு எப்போதும் நம்பத்தக்கதன்று. சாளரத்தின் பகலொளியும் குழல்விளக்கின் ஒளியும் கலந்த அறையில் பச்சை இலை மஞ்சளாகவும், மஞ்சள் இலை பச்சையாகவும் தோன்றக்கூடும். தழைச்சத்துக் குறையால் முதிர்ந்த இலைகள் மஞ்சளாவதையும், இரும்புச்சத்துக் குறையால் இளந்தளிர்கள் வெளுப்பதையும் நிறத்தைக் கொண்டே விவசாயி அடையாளம் காணவேண்டியிருக்கிறது. படத்தில் நிறம் தவறினால் பாடமே தவறிவிடும். வேண்டாத உரம் வாங்கப்படும். நோய்க்குறியைக் காட்டும் படங்களை வெட்ட வெளியில் பகலொளியில் எடுப்பதும், எடுக்குமுன் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி நிறச் சமனை நிலைப்படுத்துவதும், நல்ல இலை ஒன்றை நோயுற்ற இலைக்குப் பக்கத்தில் வைத்து எடுப்பதும் அவசியம்.

பெங்களூரில் இன்னொரு தொல்லையும் அடிக்கடி நேர்ந்தது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் உறவினர் ஊருக்கு வரும்போது காமிரா வாங்கி வருவது அந்நகரத்துக் குடும்பங்களில் சாதாரணம். பள்ளிக்கு நன்கொடையாக வந்த காமிராவும் சிலபோது அவ்வகையே. அந்நாட்டுக் காமிரா வினாடிக்கு 60 படக்கூறுகளை எடுப்பது. இந்தியாவுக்கென்று செய்யப்பட்டது 50. இந்திய மின்னோட்டத்தில் எரியும் சாதாரணக் குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றது. 50 கூறு எடுக்கும் காமிராவில் ஒவ்வொரு கூறிலும் சரியாக இரண்டு துடிப்புகள் விழும். ஒளி சமமாக இருக்கும். 60 கூறு எடுப்பதில் ஒன்றில் அதிகமும் ஒன்றில் குறைவுமாக விழுந்து, வகுப்பறைப் படம் முழுவதும் துடித்துக்கொண்டே இருக்கும். ஷட்டரின் நேரத்தைக் கையால் 1/100 வினாடி என்று வைக்கக்கூடிய காமிராவாயின் இத்துடிப்பு நிற்கும். அவ்வசதி இல்லையேல் பகலொளியே துணை.

ஒலியைப் பற்றிப் பலர் எண்ணுவதே இல்லை. படம் சற்று மங்கினாலும் பார்வையாளர் பொறுப்பர். பேச்சு விளங்காவிட்டால் எழுந்து போய்விடுவர். காமிராவிலேயே உள்ள ஒலிவாங்கி, பேசுபவரிடமிருந்து தொலைவில் இருப்பதோடு, அருகே சுழலும் தட்டின் மெல்லிய முனகலையும் அமைதியான அறையில் சேர்த்தே பதிவு செய்யும். வெட்டவெளியில் தொலைவு இரட்டித்தால் வந்து சேரும் ஒலியின் ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறையும். காற்றின் இரைச்சலோ குறையாது. சட்டையில் மாட்டும் சிறிய ஒலிவாங்கியை இணைக்கத் துளையுள்ள காமிராவை வாங்கியவர் அறிவுடையவர். விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணியல் உருப்பெருக்கத்தைக் கண்டு மயங்கி, இத்துளை இல்லாத காமிராவை வாங்கியவர் பலர்.

அதிர்ச்சி, உயரம், மின்சாரம்

எழுதும் முனை காற்றில் மிதப்பது என்று முன்னர்க் கூறப்பட்டது. இதன் விளைவுகள் பலவாகும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காமிரா கைதவறி விழுந்தால் தரையை அடைய ஏறத்தாழ 0.45 வினாடி ஆகும். விழும் பொருளில் எடையின்மை தோன்றுவதை உள்ளேயுள்ள உணரி கண்டறிந்து, அந்த அரை வினாடிக்குள் முனையைத் தகட்டைவிட்டு விலக்கி ஒதுக்கிவிடும். பதிவு அப்போது நின்றுபோம். தட்டு பெரும்பாலும் பிழைக்கும். இது நல்ல ஏற்பாடே. ஆனால் மண்சாலையில் குலுங்கும் ஜீப்பிலோ டிராக்டரிலோ உட்கார்ந்து படமெடுக்கும்போதும் இதே காவல் விழித்துக்கொண்டு பதிவைத் தடுக்கக்கூடும். பெரிய ஒலிபெருக்கியின் அருகே அதிர்வு மிகுந்தாலும் அவ்வாறே. திருவிழாப் பந்தலிலும் விவசாயக் கண்காட்சியிலும் ஒலிபெருக்கியை விட்டு விலகி நிற்றல் வேண்டும்.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிகின்றது. முனையைத் தாங்கும் படலமும் மெலிகின்றது. இதனாலேயே இவ்வகைக் காமிராக்கள் பலவற்றின் குறிப்பேட்டில் 3,000 மீட்டருக்கு மேல் இயக்கலாகாது என்ற எச்சரிக்கை உண்டு. சுமார் 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் இதைப்பற்றிய கவலை இல்லை. உதகமண்டலத்திலும் இல்லை. தென்னாட்டின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். லடாக்கின் லே நகரத்துக்குப் பயிற்சிக்குச் செல்வோர் மட்டும் வேறு கருவி எடுத்துச் செல்லவேண்டும்.

தகட்டைச் சுழற்றும் மோட்டாருக்கும் மின்சாரம் செலவாவதால் பாட்டரி விரைவில் இறங்கும். மின்வெட்டு உள்ள கிராமத்தில் ஒரு நாள் பணிக்குக் குறைந்தது இரண்டு பாட்டரிகளேனும் வேண்டும். 15 மணி நேர இடம் இருந்து, இரண்டு மணி நேர மின்சாரம் மட்டும் இருந்தால், பயன்படுவது இரண்டு மணி நேரமே.

மாற்றும் வேலை

இதுகாறும் கூறிய குறைகள் அனைத்தும் பழக்கத்தால் சமாளிக்கக் கூடியவை. ஒரு குறை மட்டும் கருவியின் அமைப்போடு பிறந்தது. நாடாக் காமிராவில் பதிவு முடிந்ததும் நாடா வெளியே வந்துவிடும். காமிரா கெட்டாலும் நாடா அலமாரியில் இருக்கும். ஒரு நாடா பூஞ்சை பிடித்தால் ஒரு மணி நேரப் பதிவே போகும். வன்தட்டுக் காமிராவில் பதிவும் கருவியும் ஒன்றே. உள்ளே பொருத்திய தட்டைக் கழற்றி எடுக்க முடியாது. எழுதும் முனை ஒருமுறை உராய்ந்தால் ஆறு மாத வேலை ஒரே நாளில் போய்விடும். எவ்வளவு அதிகம் கொள்ளுமோ அவ்வளவும் ஒருசேர இழக்க நேரிடும்.

ஆதலால் இக்கருவியில் படமெடுத்தல் பாதி வேலையே. மற்றொரு பாதி மாற்றுதல். யூ.எஸ்.பி. கம்பி வழியே வினாடிக்கு 25 மெகாபைட் செல்வதாகக் கொண்டால், 60 ஜிகாபைட்டை மாற்ற 40 நிமிடங்கள் ஆகும். பல காமிராக்கள் மின்னிணைப்பு இல்லாமல் கணிப்பொறியுடன் பேச மறுக்கும். பாட்டரி இடையில் அணைந்தால் பதிவு கெடும் என்பதே காரணம். ஆகவே சுவர் மின்சாரத்தில் செருகும் இணைப்பியையும் பயணப் பையில் வைத்திருக்க வேண்டும். நீண்ட பதிவு ஒன்றைக் காமிரா தொடர்ந்து ஒரே கோப்பாக எழுதாமல், குறிப்பிட்ட அளவுக்கொருமுறை துண்டாக்கி எழுதும். துண்டுகளின் வரிசையும் ஒட்டும் இடமும் வேறு சிறு கோப்புகளில் குறிக்கப்பட்டிருக்கும். படக்கோப்பு ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தால், இரண்டு மணி நேர வகுப்பின் நடுவே சில சொற்கள் விழுங்கப்பட்டிருப்பது பின்னர்த் தெரியவரும். உறையை முழுமையாக, உள்ளிருக்கும் எந்தப் பெயரையும் மாற்றாமல், அப்படியே படியெடுத்தலே முறை.

மற்றொன்று: 2006, 2007 ஆம் ஆண்டுகளில் அலுவலகங்களில் இருந்த கணிப்பொறிகளால் ஏ.வி.சி.எச்.டி. படத்தைத் தடையின்றி ஓட்ட முடியவில்லை. காமிரா புதிது, கணிப்பொறி பழையது. மாற்றிய படம் திக்கித் திக்கி ஓடுவதைக் கண்டு, பதிவு கெட்டுவிட்டது என்று கருதி அழித்தவர்களும் உண்டு. இன்றைய கைப்பேசி கூட அப்படங்களை எளிதாக ஓட்டும் என்பதை எண்ணினால் அவ்விழப்பு வருந்தத்தக்கது.

அலமாரியில் உள்ளவை

சுழலும் பாகம் எதுவுமில்லாத நினைவட்டைகளின் விலை விரைவாக இறங்கியதால், 2010-க்குப் பின் சில ஆண்டுகளில் வன்தட்டுக் காமிராக்கள் விற்பனையிலிருந்து மறைந்தன. அவற்றின் பின் கைப்பேசி வந்தது. இன்று எந்தக் களப்பணியாளரும் இக்கருவியைப் புதிதாக வாங்கப் போவதில்லை. ஆனால் வாங்கிய கருவிகள் எங்கும் போய்விடவில்லை. பயிற்சி நிலையத்தின் பண்டக அறையில், பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில், தொண்டு நிறுவனத்தின் மேசை இழுப்பறையில் அவை இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் எவரும் மாற்றாமல் விட்ட பதிவுகளும் உள்ளன. நாட்டுக் கேழ்வரகு வகைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டும் முதியவரும், இன்று இல்லாத ஏரிக்கரையும், ஓய்வுபெற்ற ஆசிரியரின் வகுப்பும் அவற்றுள் இருக்கலாம்.

அத்தகைய காமிரா ஒன்று கைக்குக் கிடைத்தால் செய்ய வேண்டியது எளிது; செய்யக் கூடாதது பல. பல ஆண்டு கிடந்த பாட்டரி பெரும்பாலும் செத்திருக்கும்; உப்பியிருந்தால் அதை மாட்டவே கூடாது. காமிராவுக்குரிய மின்னிணைப்பியைத் தேடிப் பொருத்த வேண்டும். பொருந்தும் துளையுள்ள வேறொன்றை அதன் மின்னழுத்தம் பாராமல் செருகலாகாது. குளிர்ந்த அறையிலிருந்து ஈரமான வெப்பத்திற்குக் கொணர்ந்த கருவியை ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, ஈரப்பசை படியாதபோது இயக்க வேண்டும். மேசைமீது அசையாமல் வைத்து, இயக்கியவுடன் வேறெதையும் செய்யாமல், முதலில் கணிப்பொறிக்குப் படியெடுக்க வேண்டும். திரையில் தோன்றிப் பழுது பார்க்கட்டுமா, புதிதாக வடிவமைக்கட்டுமா என்று கருவி கேட்டால் வேண்டாம் என்றே விடையளித்தல் வேண்டும். சோதனைக்காகப் புதிய படம் எதுவும் எடுத்தல் கூடாது. அழிந்ததாகத் தோன்றும் பழைய பதிவு எஞ்சியிருக்கும் இடத்தில்தான் புதியது போய் எழுதப்படும். உள்ளிருந்து சீராக ‘டிக் டிக்’ என்னும் ஓசை எழுந்தால் உடனே அணைத்து, தட்டிலிருந்து தரவு மீட்கும் தொழில் தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பத் திரும்ப இயக்கிப் பார்ப்பதும் எஞ்சியதைச் சுரண்டி எடுப்பதாகும்.

படியெடுத்தவை இரண்டு தனித்தனி வட்டுகளில், இரண்டு வெவ்வேறு கட்டடங்களில் இருத்தல் வேண்டும். பின்பு ஒருவர் அவற்றை ஓட்டிப் பார்த்து ஊர், பயிர், பருவம், பேசியவர் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். காமிரா இடும் தேதியை மட்டும் நம்புதல் தகாது. கடிகாரத்துக்கு மின்சாரம் தரும் உள் மின்கலம் இறங்கிய பின் எடுத்த பதிவுகளில், கருவி செய்யப்பட்ட காலத்துத் தேதியே விழுந்திருக்கக்கூடும். படமெடுத்த களப்பணியாளரின் அக்காலத்துப் பயண நாட்குறிப்பு அலுவலகக் கோப்பில் இருப்பின், எந்த நாளில் எந்தக் கிராமத்துக்குச் சென்றார் என்பதை அதிலிருந்து ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.